துகள் அளவு: லேசர் டிஃப்ராக்‌ஷனா, டிஎல்எஸ்ஸா?

இரண்டிலும் லேசர்தான், அளப்பது வேறு. டிஃப்ராக்‌ஷன், ஒளி எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்று பார்க்கும்: பெரிய துகள் குறுகிய கோணத்தில், சிறியது அகன்ற கோணத்தில். டிஎல்எஸ் (டைனமிக் லைட் ஸ்கேட்டரிங்), பிரௌனியன் அசைவால், அதாவது திரவத்தில் துகள்கள் ஓயாமல் தாறுமாறாக அசைவதால், சிதறொளி எவ்வளவு வேகமாக மினுங்குகிறது என்று கணக்கிடும்.

மாவு, சிமென்ட், நிறமிப் பொடி என மைக்ரான் கணக்கில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டிஃப்ராக்‌ஷன். புரதம், லிப்போசோம் (நுண்ணிய கொழுப்புப் பை), நானோ தங்கம் என்றால் டிஎல்எஸ்.

டிஎல்எஸ்ஸின் பெரிய தலைவலி தூசி. மிகச் சிறிய துகள்களில் சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். ஒரே ஒரு 100 நானோமீட்டர் துகள், பத்து லட்சம் 10 நானோமீட்டர் துகள்களுக்குச் சமமாக ஒளிரும். அதனால் கரைப்பானை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்த பிறகே மாதிரியைக் கலக்க வேண்டும். குவெட்டை (மாதிரி ஊற்றும் சிறு குப்பியை) விரலால் தொட்ட இடத்தில் லேசர் பட்டால் அந்த அளவீடு வீண். வெப்பநிலையும் முக்கியம்: 25 டிகிரியில் நீரின் பாகுநிலை 0.89 மில்லிபாஸ்கல்-நொடி, ஒரு டிகிரி தவறினால் அளவில் ஏறக்குறைய 2 சதவீதம் பிசகும். குவெட்டை வைத்ததும் அவசரப்படாமல் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள்.

டிஃப்ராக்‌ஷனில் தூசி அவ்வளவு படுத்தாது. அங்கே குழப்புவது ஒளிவிலகல் எண்ணும் காற்றுக்குமிழியும். ஒட்டிய துகள்களைப் பிரிக்கும் அல்ட்ராசானிக்கை அதிகம் ஓட்டினால் குமிழிகள் வரைபடத்தில் 100 மைக்ரானுக்கு மேல் பொய்யான ஒரு மேடாகத் தெரியும். ஒளிமறைப்பு (மாதிரியால் குறையும் லேசர் ஒளியின் பங்கு) பொதுவாக 5 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

ஒரே மாதிரிக்கு இரண்டும் வேறு எண் தந்தால் பதறாதீர்கள்: டிஃப்ராக்‌ஷன் தருவது கன அளவுக் கணக்கு, டிஎல்எஸ் தருவது ஒளிச்செறிவுக் கணக்கு.