ஜெரேனியத்தை மாரி தாண்ட வைப்பது: சாடியோடு காப்பதா, கொப்பு முறித்து நடுவதா?

கனடாவில் இருக்கும் சித்தி ஐப்பசி வந்தால் ஜெரேனியத்தை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, கடதாசிப் பையில் போட்டு நிலக்கீழ் அறையில் தொங்க விட்டுவிடுவார். பங்குனியில் திரும்ப நட்டால் தளிர்க்கும். அதைக் கேட்டு நானும் இங்கே யாழ்ப்பாணப் பக்கம் ஒருமுறை செய்து பார்த்தேன். மூன்று கிழமை கழித்துப் பையைத் திறந்தால் ஒன்று சருகு, மற்றது பூஞ்சணம். அங்கே அந்த அறை 7 முதல் 10 பாகை செல்சியஸில் குளிர்ந்து கிடப்பதால் செடி உறங்குகிறது. நம் மார்கழிப் பனி 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அருமை, அதில் எந்தச் செடி உறங்கும்? ஆக அந்த முறையை மறந்துவிடலாம்.

நமக்கு எதிரி குளிர் இல்லை, ஈரம். ஜெரேனியம் என்று நாம் சொல்லும் பெலர்கோனியத்துக்குத் தாய்நிலம் தென்னாபிரிக்கா. சதைப்பற்றான தண்டு, வறட்சியைத் தாங்கும், ஆனால் வேரில் தண்ணீர் நின்றால் அடித்தண்டு கறுத்து இரண்டு மூன்று நாளில் சாய்ந்துவிடும். நமக்கோ ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் கொட்டுகிறது.

சாடியோடு விறாந்தைக்கு ஏற்றி வைப்பது சுலபம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் சோளகத்தில் அடிபட்டு நீண்டு இளைத்த செடி அது, வாடைக்காற்று சாரலை உள்ளேயும் அடிக்கும். போன மாரியில் எட்டுச் சாடி ஏற்றினேன், மூன்று மிஞ்சியது. அந்த மூன்றும் பாதிக்கு வெட்டி, விரல் விட்டுப் பார்த்து மண் காய்ந்த பிறகே தண்ணீர் விட்டவை.

என் வாக்கு கொப்புக்குத்தான். புரட்டாசி தொடக்கத்திலேயே, மழைக்கு முன், நாலு அங்குலக் கொப்பைக் கணுவுக்குக் கீழே கூரான கத்தியால் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, பூமொட்டு இருந்தால் அதையும் மனமிரங்காமல் கிள்ளிவிட்டு, வெட்டுவாய் காயும் வரை அரை நாள் நிழலில் போட்டு வையுங்கள். பிறகு பருமணலும் தும்புத்தூளும் கலந்து நடுங்கள். வெறும் செம்மண் வேண்டாம், இறுகிவிடும். பொலித்தீன் மூடியும் போடாதீர்கள், அழுகும். மூன்று நாலு கிழமையில் வேர், அதிலிருந்து ஏறத்தாழ மூன்று மாதத்தில் பூ. கணக்குப் பார்த்தால் பொங்கலுக்குச் சரி. இன்னொன்று, நம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதுவாக இருக்கலாம். பீலியில் விழும் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றிப் பாருங்கள்.

நுவரெலியாவிலிருந்து வரும் கன்றை ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வாங்குவோரும் உண்டு. பார்க்க என்ன அழகு! ஆனால் 1,800 மீற்றருக்கு மேலே வளர்ந்த பிள்ளை, இங்கே இறக்கியதும் இலையைக் கொட்டும். வாங்குவதென்றால் மார்கழி கடைசியில் வாங்குங்கள், ரீகல் என்ற பெரிய பூ வகையைத் தொடவே வேண்டாம், குளிர்ந்த இரவு இல்லாமல் அது மொட்டு வைக்காது.

விற்பனைக்கு என்றாலும் கொப்புதான் கட்டும், ஒரு தாய்ச்செடியில் பத்துக் கன்று எடுக்கலாம். மாசிக்குள் விற்றுத் தீர்த்துவிடுங்கள். சித்திரை வெயிலில் பூ நின்றுவிடும், வாங்கியவர் சாடியையும் தூக்கிக்கொண்டு உங்கள் படலையில் வந்து நிற்பார்.