பிலிமா, டிஜிட்டலா: எப்போதாவது படம் எடுப்பவரின் கணக்கு

பிலிம் கேமரா மலிவு, அதில்தான் பலர் மயங்குகிறார்கள். பழைய யாஷிகா எம்எஃப்-2 ஒன்றோ கோடக் கேபி-10 ஒன்றோ உங்கள் வீட்டுப் பரணிலேயே கிடக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் சில ஆயிரங்களோடு போய்விடும். லென்ஸ் மாற்றும் வசதியுள்ள டிஜிட்டல் கேமராவோ தொடக்க மாடலிலேயே 30,000 ரூபாய்க்கு மேல் கேட்கும். ஆனால் டிஜிட்டலில் பெரிய செலவு கடையிலேயே முடிந்துவிடுகிறது. பிலிமில் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

36 படம் எடுக்கும் கலர் ரோல் 1,000 ரூபாய், கழுவி ஸ்கேன் செய்து தர 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிராண்டையும் லேபையும் பொறுத்துக் கொஞ்சம் ஏறும், இறங்கும். ஒருமுறை பட்டனை அமுக்க ஏறக்குறைய 42 ரூபாய். கண்ணை மூடிக்கொண்ட மாமாவின் படத்துக்கும் அதே 42 தான். பிரிண்ட் போட்டால் அது தனி. முன்பு தெருமுனை ஸ்டூடியோவிலேயே ரோலைக் கொடுத்துவிட்டு வரலாம். இப்போது கலர் ரோல் கழுவும் லேப்கள் பெருநகரங்களில் சிலதான் இருக்கின்றன, அதனால் மற்ற ஊர்க்காரர்களுக்குக் கூரியர் செலவும் சேரும். மூன்று நான்கு ரோல் சேர்ந்த பிறகு மொத்தமாக அனுப்புவது நல்லது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் தயாரித்த காலம் ஒன்று இருந்தது. ஆலை மூடியாயிற்று. இன்று நாம் வாங்குவது இறக்குமதிச் சரக்கு, டாலர் ஏறினால் ரோலும் ஏறும்.

டிஜிட்டலில் படத்துக்குப் படம் காசில்லை. அதற்காக முழு இலவசமும் இல்லை. மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, ஹார்டு டிஸ்க் எல்லாம் வாங்க வேண்டும். கூகுள் போட்டோஸ் வரம்பில்லாமல் இலவச இடம் தந்தது 2021 ஜூனோடு நின்றுவிட்டது. இப்போது ஜிமெயிலுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆண்டுதோறும் சந்தா. கழுவிய பிலிமான நெகட்டிவுக்கு இந்த வாடகை கிடையாது, ஈரம் படாமல் வைத்தால் போதும்.

சரி, எது எப்போது லாபம்? டிஜிட்டல் கேமரா 35,000, பழைய பிலிம் கேமரா 4,000 என்றால் வித்தியாசம் 31,000 ரூபாய். அது சுமார் 20 ரோல் செலவு. மாதம் ஒரு ரோல் போடுபவர் இரண்டு வருடத்துக்குள் அந்தத் தொகையைத் தாண்டிவிடுவார், அவர் டிஜிட்டல் வாங்குவதே புத்திசாலித்தனம். பொங்கல், ஒரு கல்யாணம், கோடை விடுமுறை என்று வருடத்துக்கு மூன்றே ரோல் போடுபவருக்கு ஏழு வருடம் ஆகும். அத்தனை நாளில் ஆசையே மாறிவிடலாம்! அவருக்குப் புது டிஜிட்டல் கேமராதான் வீண் செலவு.

ஆனால் அந்த மூன்று ரோல்காரரின் பையில் ஏற்கெனவே போன் இருக்கிறது. உண்மையான போட்டி அதனோடுதான், கூடுதல் செலவே இல்லாததால் பிலிம் அங்கே தோற்றுவிடும். வீட்டில் ஆல்பம் வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், போனில் எடுத்ததில் நல்லதாக 36 பொறுக்கிப் பிரிண்ட் போட்டாலே போதும், ஒரு ரோல் விலைகூட ஆகாது. பிலிமுக்கு ஆகும் வருடம் 4,500 ரூபாயைப் பொழுதுபோக்குச் செலவாக எழுதிக்கொள்ள மனம் வந்தால் மட்டும் இறங்குங்கள்.

செலவைக் குறைக்க ஹாஃப் ஃப்ரேம் கேமரா ஒரு வழி. ஒரு படத்துக்கான பிலிம் இடத்தில் இரண்டு படம் எடுப்பது அது. ஒரே ரோலில் 72 படம் வரும் என்பதால் படத்துக்கு ஆகும் செலவு பாதியை ஒட்டி வந்துவிடும். எப்போதாவது எடுப்பவருக்கு இதில் ஒரு தொல்லை உண்டு: 72ம் தீர மாதக்கணக்காகும், அதுவரை ரோல் கேமராவுக்குள்ளேயே கிடக்கும். 2024இல் வந்த பென்டாக்ஸ் 17 இந்த வகைதான், ஆனால் அதன் விலைக்கு நல்ல போனே வாங்கலாம்.

பழையது வாங்குவதென்றால் பின்கதவைத் திறந்து ஓரத்து நுரைப்பட்டையைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் வெளிச்சம் கசியும், முதல் ரோலின் 1,500 ரூபாய் போயே போச்சு. எந்த பேட்டரி என்றும் கேளுங்கள். யாஷிகா எலக்ட்ரோ 35 போன்றவற்றுக்கான பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை, மாற்று பேட்டரியும் அடாப்டரும் தேட வேண்டியிருக்கும்.