டி-72இல் 14 வருடம், அர்ஜுனில் 4 வருடம்: ஒரு கன்னரின் அனுபவம்

சோவியத் டாங்கியான டி-72இல் கன்னராக, அதாவது பீரங்கியைக் குறி வைத்துச் சுடுபவராக 14 வருடம், அதன் பிறகு இந்தியாவின் அர்ஜுன் டாங்கியில் 4 வருடம் இருந்தேன். எந்த நாட்டு டாங்கி நல்லது என்று கேட்பவர்கள் பீரங்கி விட்டத்தையும் கவசத்தையும் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். வாங்கிப் பத்து வருடம் கழித்து அந்த வண்டி எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றித்தான் நான் சொல்ல முடியும்.

டி-72 சின்ன வண்டி, சுமார் 41 டன். கன்னர் இடப்பக்கம், கமாண்டர் வலப்பக்கம், நடுவில் 125 மி.மீ. பீரங்கியின் பின்பாகம். முழங்கையை நீட்ட இடம் கிடையாது. காலடியில் ஒரு வட்டத் தட்டு, அதில் 22 குண்டுகள். பொத்தானை அழுத்தினால் தட்டு சுழன்று நிற்கும், பீரங்கி தானாக உயர்ந்து பூட்டிக்கொள்ளும். முதலில் குண்டு உள்ளே போகும், அதன் பின்னால் அதைத் தள்ளும் வெடிமருந்து. சுட்ட பிறகு மிஞ்சுவது மருந்தின் உலோக அடிப்பாகம் மட்டும்தான். அது டரட்டின், அதாவது பீரங்கி இருக்கும் சுழலும் மேல்பகுதியின், பின்பக்கச் சின்னக் கதவு வழியாக வெளியே போய் விழும். ஏழெட்டு வினாடியில் அடுத்தது தயார். இத்தனை வருடத்தில் அது மக்கர் செய்த தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

ஆனால் கவசம் துளைக்கப்பட்டுத் தீ உள்ளே வந்தால், அதே மருந்து மொத்தமாகப் பற்றிக்கொள்ளும். 1991இல் ஈராக்கிலும் 2022 முதல் உக்ரைனிலும் டரட் தனியாகக் கழன்று கிடந்த படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கால்கள் இருந்த இடம்தான் ஞாபகம் வரும். அமெரிக்க ஆப்ரம்ஸில் பெரும்பாலான குண்டுகள் டரட்டின் பின்னால், கதவு போட்ட தனி அறையில் இருக்கும். வெடித்தாலும் கூரைத் தகடு பிய்ந்து வேகம் மேலே போய்விடும். ஜெர்மனியின் லெப்பர்ட்-2இல் 15 குண்டுகளுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. மீதி 27 டிரைவர் பக்கத்தில். எல்லா மேற்கத்திய டாங்கியும் ஒன்று என்று பேசுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இன்னொரு குறை, பின்னால் எடுப்பது. மேட்டில் ஏறிச் சுட்டுவிட்டு உடனே பின்வாங்கி மறைய வேண்டும். டி-72க்கு ரிவர்ஸில் மணிக்கு சுமார் 4 கி.மீ.தான், ஆள் நடக்கிற வேகம். லெப்பர்ட்-2 கிட்டத்தட்ட 30இல் பின்னால் போகும். எங்களுக்குப் பயிற்சியில்கூட அந்தச் சில வினாடிகள் நீண்டுகொண்டே போகும்.

அர்ஜுனுக்கு மாறியதும் முதலில் உடம்புக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது. எண்ணெயும் வாயுவும் அதிர்வைத் தாங்கும் அதன் ஹைட்ரோ நியூமேட்டிக் சஸ்பென்ஷன் பள்ளம் மேடுகளை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஓடிக்கொண்டே குறி வைக்கும்போது கண் சைட்டிலிருந்து விலகாது. அப்புறம், டி-72இல் இல்லாத நாலாவது ஆள். லோடர் குண்டு போடுவதற்கு மட்டும் என்று நினைப்பார்கள். சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையான டிராக் கழன்றால் மூன்று பேர் படும் பாடு மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் டிராக்கை இணைக்கும் ஊசியை அடிக்க, ஒருவர் கம்பியால் நெம்ப, டிரைவர் உள்ளே இருந்து அங்குலம் அங்குலமாக நகர்த்த, பிடித்துக்கொள்ள இன்னும் இரண்டு கை வேண்டும். ராத்திரிக் காவலிலும் அந்த ஒரு ஆளால் கூடுதலாகக் கொஞ்சம் தூக்கம் கிடைக்கும். மூன்றாம் நாள் குறி தவறாமல் இருப்பது அந்தத் தூக்கத்தால்தான்.

எடை மட்டும் பிரச்சினை. முதல் வகையே 58 டன்னைத் தாண்டும், அதன் அடுத்த வகையான மார்க்-1ஏ 68 டன். ஒவ்வொரு பாலத்தையும் கேட்டுத்தான் போக வேண்டும். இன்ஜின் ஜெர்மனியுடையது. ஒரு ஆயில் சீல் வராமல் எங்கள் வண்டி ஒன்று 4 மாதம் ஷெட்டில் நின்றது. குண்டு பட்டு நின்றிருந்தால்கூட மனசு இவ்வளவு கஷ்டப்பட்டிருக்காது.

ஏற்றுமதி ஆயுதம் என்றாலே எனக்கு அந்த 4 மாதம்தான். விற்கிற நாடு தனக்கு வைத்துக்கொள்வதை அப்படியே கொடுக்காது. சோவியத் வெளியே விற்ற டி-72இன் கவசம் சொந்தப் படையில் இருந்ததைவிடக் குறைவு. ஆப்ரம்ஸை வாங்கும் நாடுகளுக்கு யுரேனியம் கலந்த கவசம் கிடைக்காது. கொடுத்த பிறகும் பிடி விடாது: 2023 ஜனவரியில் போலந்து தன் லெப்பர்ட்களை உக்ரைனுக்குக் கொடுக்க ஜெர்மனியின் சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. கெபார்ட் என்ற ஜெர்மன் விமான எதிர்ப்பு வண்டிகளுக்கான, சுவிட்சர்லாந்தில் தயாரான 35 மி.மீ. குண்டுகளை உக்ரைனுக்கு அனுப்ப அந்த நாடு சம்மதிக்கவே இல்லை. கடைசியில் ஜெர்மனி புதிதாகத் தயாரிக்க ஆரம்பித்தது. வாங்கும்போதே தெளிவாக இருந்தவர்களும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 388 பிரெஞ்சு லெக்லெர்க் டாங்கிகள் வாங்கியபோது பிரெஞ்சு இன்ஜின் வேண்டாம், ஜெர்மன் இன்ஜின் வையுங்கள் என்று கேட்டு வாங்கியது.

இப்போது நான் ஆவலாகக் கவனிப்பது தென்கொரியாவின் கே-2 டாங்கியை. 2022இல் போலந்து 180 வண்டிகளுக்கு ஒப்பந்தம் போட்டது, அதே டிசம்பரில் முதல் 10 வந்து இறங்கிவிட்டன. குண்டைத் தானாகப் போடும் ஆட்டோலோடர் டரட்டின் பின்பக்கம், 1,500 குதிரைசக்தி, எடை 55 டன்தான். 2032இல் அந்தக் குழுக்களில் ஒன்றைச் சந்தித்தால் பீரங்கியைப் பற்றிக் கேட்க மாட்டேன். ஆயில் சீல் எத்தனை நாளில் வருகிறது, மூன்று பேராக டிராக் மாட்ட எவ்வளவு நேரம் ஆகிறது, இந்த இரண்டையும்தான் கேட்பேன்.