மீட்டரைத் திருத்துவதா, பக்கத்தில் ஜிபிஎஸ் மாட்டுவதா?

போன வருடம் கோவையில் செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட் டூரர், அதாவது வேகத்துக்கும் நெடும்பயணத்துக்கும் ஏற்ற பைக், வாங்கினேன். லிட்டர் வகுப்பு (1,000 சிசி அளவு இன்ஜின்), நாலு சிலிண்டர், இரண்டு பக்கமும் பெட்டி மாட்டும் வசதி. ஓடிய மொத்தத் தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரில் 31,460 கி.மீ. காங்கேயம், வெள்ளகோவில், கரூர் வழியாகத் திருச்சிக்கு ஓட்டி வரும்போது மொபைலில் ஜிபிஎஸ் வேகத்தையும் ஓட விட்டிருந்தேன். வண்டியின் வேக மீட்டரில் 60 என்றால் மொபைலிலும் 60. மீட்டரில் 80 என்றால் மொபைலில் 79, 80. இவ்வளவு ஒத்துப்போகும் மீட்டரை நான் எந்த பைக்கிலும் பார்த்ததில்லை. நல்ல வண்டி கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துத்தான் சந்தேகம் வந்தது. டேங்க்கை நிரப்பி மைலேஜ் கணக்குப் போட்டால் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருச்சி - பெரம்பலூர் நாலுவழிச் சாலையில் ட்ரிப் மீட்டரைச் சைபர் ஆக்கிவிட்டு, கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டே ஓட்டினேன். 40 கல் கடந்தபோது ட்ரிப் மீட்டர் 37.4 காட்டியது. சாலையைத் திருத்தி அமைத்த இடங்களில் ஒன்றிரண்டு கற்கள் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் 40-க்கு இரண்டரை கிலோமீட்டர் குறைவதற்குக் கல் காரணமாக இருக்க முடியாது. வேகம் சரி, தூரம் தப்பு.

மெக்கானிக் அண்ணன் சீட்டைக் கழற்றினார். பேட்டரிக்குப் பக்கத்தில், கறுப்பு டேப் சுற்றி, தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி.

"தம்பி, இது கம்பெனி சாமான் இல்ல. ஸ்பீடு சென்சார் சாக்கெட்டுக்கு நடுவுல சொருகியிருக்காங்க."

"எடுத்துடலாமாண்ணே?"

"எடுக்கிறது ரெண்டு நிமிஷ வேலை. ஆனா இது வரைக்கும் எத்தனை கிலோமீட்டரை முழுங்கிச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஸ்போர்ட் டூரர் வைத்திருப்பவர்களுக்கு உண்மையான வேகம் தெரிய வேண்டும் என்ற ஆசை எப்போதும் உண்டு. அதற்கு நாலைந்து வழிகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுத்தாலும் வேகம் ஒருவழியாகத் தெரிந்துவிடும். வித்தியாசம் ஓடோமீட்டரில்தான்.

முதலில், மீட்டர் ஏன் கூடுதலாகக் காட்டுகிறது? அது பழுதில்லை, வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள். ஐக்கிய நாடுகளின் வாகன விதி எண் 39 சொல்வது இதுதான்: மீட்டர் ஒருபோதும் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது, கூடுதலாகக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் சில கி.மீ.யும் வரை. டயர் புதிதா தேய்ந்ததா, காற்று சரியாக இருக்கிறதா என்பதெல்லாம் கம்பெனிக்குத் தெரியாது. புது டயருக்கும் தேய்ந்த டயருக்கும் மட்டுமே சுற்றளவில் ஒன்றரை சதவீதம் போல வித்தியாசம் வரும். எந்த நிலையிலும் குறைவாகக் காட்டிவிடக் கூடாது என்பதால் முன்கூட்டியே சில சதவீதம் ஏற்றி வைக்கிறார்கள்.

ஆனால் அந்த ஏற்றம் பெரும்பாலும் வேகம் காட்டும் எண்ணில் மட்டும்தான். சக்கரமோ கியரோ சுற்றச் சுற்ற சென்சாரிலிருந்து வரும் மின் துடிப்புகள் இரண்டுக்கும் ஒன்றுதான். அவற்றை அப்படியே எண்ணினால் தூரம், சில சதவீதம் கூட்டிக் காட்டினால் வேகம். அதனால் வேகம் 7 சதவீதம் கூடுதலாகக் காட்டும் வண்டியிலும் ஓடோமீட்டர் கிட்டத்தட்டச் சரியாகவே ஓடும். என் வண்டியில் பெட்டியை எடுத்த பிறகு அதே சாலையில் மறுபடி பார்த்தேன். 40 கல்லுக்கு 40.2. உண்மை வேகம் 80 போகும்போது மீட்டரில் 86. வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது இப்படித்தான் இருந்திருக்கும்.

சரி, இப்போது வழிகளைப் பார்ப்போம்.

மனக்கணக்கு முதல் வழி. செலவே இல்லை. மீட்டரில் 86 வந்தால் 80 என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் போதும், வித்தியாசம் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் இருக்கும். கண்டுபிடிக்க ஜிபிஎஸ்கூட வேண்டாம். வேகத்தை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, பின்னால் உட்கார்ந்திருப்பவரை ஸ்டாப்வாட்ச் பார்க்கச் சொன்னால் போதும். 80-ல் போனால் ஒரு கிலோமீட்டருக்கு 45 விநாடி, பத்து கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம். இன்னொரு வழியும் உண்டு. கடைசி கியரில் இன்ஜின் சுற்றுக்கும் உண்மை வேகத்துக்கும் உள்ள தொடர்பு பல்சக்கரங்களால் ஆனது, மாறாது. என் வண்டியில் ஆறாவது கியரில் 80-க்கு இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் நிமிடத்துக்கு 3,300-ஐ ஒட்டி நிற்கும். மீட்டரைப் பார்க்காமலே வேகத்தைச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது, டயரையோ, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையோ மாற்றுவது. பின்சக்கரத்துக்கு 180/55 அளவு டயருக்குப் பதில் சற்றே பெரிய 190/55 போட்டால் சுற்றளவு 1.7 சதவீதம் கூடும். பின் ஸ்ப்ராக்கெட்டை 41 பல்லிலிருந்து 39-க்கு இறக்கினால் அதே சுற்றுக்கு வண்டி 5 சதவீதம் கூடுதலாக ஓடும். சென்சார் கியர்பாக்ஸில் இருக்கும் வண்டிகளில் மீட்டர் இந்த மாற்றத்தை அறியாது, அதனால் முள் தானாக உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடும். சென்சார் சக்கரத்திலேயே இருந்தால் ஸ்ப்ராக்கெட் மாற்றம் மீட்டரைத் தொடாது. வேறு காரணத்துக்காக இவற்றை மாற்றுகிறீர்கள் என்றால் சரி. மீட்டருக்காக மாற்றுவது வீண். இழுவை குறையும், பெட்டியும் துணையும் ஏற்றி மலை ஏறும்போது அது தெரியும். ஓடோமீட்டரும் குறைவாக எண்ணத் தொடங்கும்.

மூன்றாவது, என் சீட்டுக்கடியில் இருந்த திருத்துப் பெட்டி. சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, வரும் துடிப்புகளில் நீங்கள் சொல்லும் சதவீதத்தைக் கழித்து அனுப்பும். ஸ்ப்ராக்கெட் மாற்றியவர்களுக்கும் டயர் அளவு மாற்றியவர்களுக்கும் இது நல்ல கருவி. மாறிப்போன தூரக் கணக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அதை வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் கம்பெனி வைத்த ஏற்றத்தைக் கழிக்கப் பயன்படுத்தினால், ஏற்றமே இல்லாத ஓடோமீட்டரிலிருந்தும் அதே சதவீதம் கழிந்துவிடும். இரண்டுக்கும் துடிப்பு ஒன்றுதானே.

40-க்கு 37.4 என்றால் ஆறரை சதவீதம் குறைவு, சின்ன எண்ணாகத் தெரியும். கணக்குப் பாருங்கள். 6,000 கி.மீ.க்கு ஆயில் மாற்றுகிறோம் என்று நினைத்தால் உண்மையில் 6,400 ஓடியிருக்கும். 24,000-ல் வால்வ் கிளியரன்ஸ் (இன்ஜின் வால்வுகளின் இடைவெளி) பார்க்க வேண்டிய வண்டி 25,600 ஓடிய பிறகுதான் பட்டறைக்குப் போகும். செயின், டயர், பெட்ரோல் கணக்கு எல்லாமே இப்படித்தான் நகரும். இதெல்லாம் உரிமையாளருக்குத் தெரிந்திருந்தால் சமாளித்துவிடலாம். விற்கும் நாளில்தான் சிக்கல். நம் ஊரில் பெரிய பைக்குகளைப் பழையதாக வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது ஓடோமீட்டரைத்தான். 40,000 ஓடிய வண்டி 37,400 என்று காட்டினால், விற்பவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும், வாங்குபவர் கையில் கிடைப்பது தவறான கணக்கு.

எனக்கு விற்றவரை அழைத்துக் கேட்டேன். மறைக்கவில்லை. "ஆமாங்க, ஸ்பீடு கரெக்டா தெரியட்டும்னு போட்டேன். ரெண்டு வருஷம் இருக்கும். எத்தனை கிலோமீட்டர்ல போட்டேன்னு ஞாபகம் இல்லீங்க" என்றார். தூரமும் குறையும் என்பது அவருக்கே தெரியாது. நல்ல மனிதர், வண்டியை நன்றாகத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் என் வண்டி நான் வாங்கிய அன்று 31,460 ஓடியதா, 33,600 ஓடியதா, நடுவில் ஏதோ ஒரு எண்ணா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அடுத்த வால்வ் சோதனையை எப்போது வைப்பது என்று நானும் மெக்கானிக் அண்ணனும் குத்துமதிப்பாக ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது.

இன்னொன்று. நான் பார்த்தது கியர்பாக்ஸ் சென்சார் உள்ள வண்டி. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) சக்கர சென்சாரிலிருந்து வேகம் எடுக்கும் புதிய வண்டிகளில் அதே சிக்னலை, பின்சக்கரம் வழுக்காமல் காக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் நம்பி இருக்கிறது. அங்கே இப்படிப் பெட்டி சொருகிய அனுபவம் எனக்கு இல்லை. சொருக எனக்குத் துணிவும் வராது.

கடைசி வழி ஜிபிஎஸ். நான் தேர்ந்தெடுத்தது இதுதான். மீட்டரைத் தொடவே வேண்டாம். அது தன் போக்கில் 86 காட்டட்டும், பக்கத்தில் 80 தெரியட்டும். சாட்டிலைட் சிக்னலின் அலைவரிசை எவ்வளவு நகர்கிறது என்பதை வைத்து வேகத்தைக் கணக்கிடுவதால், நேர்ச்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது அது மிகத் துல்லியம். டயர் தேய்ந்தாலும் ஸ்ப்ராக்கெட் மாறினாலும் அதற்குக் கவலை இல்லை.

மொபைலையே மாட்டிவிடலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு காரணங்களால் விட்டேன். பெரிய இன்ஜின்களின் அதிர்வு மொபைல் கேமராவின் லென்ஸ் நிலைநிறுத்தியைக் காலப்போக்கில் கெடுக்கலாம், பைக் ஹேண்டில்பாரில் நேரடியாக மாட்ட வேண்டாம் என்று ஆப்பிள் 2021-லேயே எச்சரித்தது. அப்புறம் வெயில். ஐபோனுக்கு அவர்கள் சொல்லும் சூழல் வெப்பநிலை 35 டிகிரி வரைதான். சித்திரை வெயிலில் பாடாலூர் பக்கம் நண்பகலில் போனால் மொபைல் திரை மங்கும், பிறகு சூடாகிவிட்டது என்று சொல்லி அணைந்தே போகும்.

அதனால் சைக்கிள்காரர்கள் மாட்டும் சின்ன ஜிபிஎஸ் கருவி ஒன்றை வாங்கி கிளச் பக்கத்தில் பொருத்தினேன். கறுப்பு வெள்ளைத் திரை, வெயில் அடிக்க அடிக்கத் தெளிவாகத் தெரிகிறது. எடை நூறு கிராமுக்குள், ஒரு நாள் பயணத்துக்கு சார்ஜ் தாராளம். மழையில் இரண்டு முறை நனைந்தும் ஒன்றும் ஆகவில்லை. பைக்குக்கென்றே வரும் பெரிய நேவிகேஷன் கருவியை நண்பரிடம் இரவல் வாங்கி இரண்டு நாள்தான் ஓட்டினேன். வழி காட்டுவதில் அது வேறு தரம். வேகத்தை மட்டும் பார்ப்பதற்கு அவ்வளவு செலவு தேவைப்படவில்லை.

ஜிபிஎஸ்ஸுக்கும் குறை உண்டு. லாரியை முந்தும்போது த்ராட்டிலைத் திறந்தால் மீட்டர் உடனே ஏறும், ஜிபிஎஸ் ஒரு விநாடி தாமதித்து வரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அது வளைவை வெட்டி வெட்டித்தான் கணக்கிடுகிறது, அங்கே நான் அதைப் பார்ப்பதே இல்லை. சுரங்கப்பாதைக்குள் ஒன்றும் தெரியாது. இந்த இடங்களுக்கெல்லாம் வண்டியின் மீட்டர் இருக்கவே இருக்கிறது. இரண்டும் தனித்தனியாக இருப்பதன் நன்மையே அதுதான்.

டாப் ஸ்பீடு பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்போர்ட் டூரர் என்றாலே டீக்கடையில் முதல் கேள்வி "எவ்வளவு போகும்?" என்பதுதான். "மீட்டரில் 250 பார்த்தேன்" என்று யாராவது சொன்னால், 7 சதவீத ஏற்றம் உள்ள வண்டியில் அது 234-ஐத் தாண்டாது. உச்ச வேகத்தில் பின்டயர் லேசாக வழுக்கிக்கொண்டே சுழலும், பின்சக்கரத்திலோ கியர்பாக்ஸிலோ சென்சார் இருந்தால் அந்த வழுக்கலும் மீட்டரில் வேகமாகச் சேரும். காற்றின் தடையை மீறத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. வேகம் 10 சதவீதம் கூட வேண்டும் என்றால் 33 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். அதனால் ஒரே சக்தி உள்ள இரண்டு வண்டிகளில் ஒன்று மீட்டரில் 15 கி.மீ. கூடுதலாகக் காட்டினால், நான் முதலில் சந்தேகப்படுவது மீட்டரைத்தான்.

1999-ல் சுசுகி ஹயபுசா வந்தபோது அதன் மீட்டர் 350 வரை குறித்திருந்தது. சோதனைகளில் அது உண்மையில் 312-ஐ ஒட்டி ஓடியது. அதன்பின் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி 300-ல் நிறுத்திக்கொண்டன, மீட்டர்களும் 299-ஓடு நின்றன. நம் நாலுவழிச் சாலைகளில் பைக்குக்குச் சட்டம் அனுமதிப்பது 80. பக்கப் பெட்டி மாட்டினால், ஜிவி (Givi) மாதிரியான கம்பெனிகளின் பெட்டிகள் மேலேயே 120-க்கு மேல் போகாதே என்று ஒட்டியிருக்கும். பெட்டியோடும் துணையோடும் ஊர் சுற்றும் வண்டிக்கு உச்ச வேக எண்ணால் ஒரு பயனும் இல்லை. 80 என்பது 80-தானா என்று தெரிவதில் பயன் உண்டு.

கழற்றிய பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் "திருத்துப் பெட்டி நீக்கப்பட்டது: மீட்டரில் 32,118 கி.மீ., அதற்கு முன் ஓடிய தூரம் 2,200 கி.மீ. வரை கூடுதலாக இருக்கலாம்" என்று எழுதி, தேதி போட்டு, மெக்கானிக் அண்ணனிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். வண்டியை வாங்க வருபவரிடம் பெட்டியையும் அந்தப் பக்கத்தையும் முதலில் காட்டுவேன். விலை அதற்குப் பிறகு பேசலாம்.