ஓவர்ஃப்ளோவா, பிஸ்டனா? லிக்விட் நிரப்பும் இயந்திரம் வாங்குமுன்

டிஷ்வாஷ், ஹேண்ட்வாஷ், ஷாம்பு என்று சிறிய அளவில் தயாரிப்பவர்கள் கையால் நிரப்புவதை விட்டு இயந்திரத்துக்கு மாறும்போது முன்னால் வந்து நிற்பவை இரண்டு: ஓவர்ஃப்ளோ ஃபில்லர், பிஸ்டன் ஃபில்லர். விற்பவரிடம் கேட்டால் இரண்டுமே "எல்லாத்துக்கும் ஆகும் சார்" என்பார். ஆகாது.

ஓவர்ஃப்ளோ மட்டம் பார்த்து நிரப்பும். நாசில், அதாவது திரவம் வரும் குழல், பாட்டிலின் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். திரவம் குறித்த உயரத்தைத் தொட்டதும் மிச்சம் இன்னொரு குழாய் வழியாகத் தொட்டிக்கே திரும்பும், நுரையையும் இழுத்துக்கொண்டு போகும். நுரை தரும் எஸ்.எல்.இ.எஸ். என்ற சோப்புப் பொருள் சேர்ந்த திரவம் உயரத்திலிருந்து விழுந்தாலே நுரைக்கும் என்பதால் இது பெரிய வசதி. ஆனால் கெட்டியான ஜெல் இதில் ஓடாது.

பிஸ்டன் அளவு பார்த்து நிரப்பும். பின்வாங்கும்போது ஹாப்பர் என்ற மேல்தொட்டியிலிருந்து உறிஞ்சும், முன்னேறும்போது பாட்டிலுக்குள் தள்ளும். பிஸ்டன் நகரும் தூரத்தை (ஸ்ட்ரோக்) மாற்றினால் மில்லி மாறும். ஜெல், கண்டிஷனர், க்ரீம் எல்லாம் போகும். நுரையை அடக்க, நாசில் பாட்டிலின் அடிவரை இறங்கி, திரவம் ஏற ஏறத் தானும் ஏற வேண்டும். அந்த வசதி இல்லாத பிஸ்டனை டிஷ்வாஷுக்கு வாங்காதீர்கள். அப்புறம், ஜெல் நூல் இழுக்கும். நாசில் முனையிலேயே மூடும் வால்வு இல்லையென்றால் அந்த நூல் பாட்டில் கழுத்தில் விழும். மூடி சரியாக உட்காராது, வழிந்த இடத்தில் லேபிளும் ஒட்டாது.

உண்மையான சண்டை அளவில்தான். பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில்கள் எல்லாம் ஒரே கொள்ளளவில் வருவதில்லை. ஓவர்ஃப்ளோவில் நிரப்பினால் கடை அலமாரியில் மட்டம் ஒரே கோடாக இருக்கும், உள்ளே அளவு கூடக்குறைய இருக்கும். பிஸ்டனில் அளவு சரியாக இருக்கும், மட்டம் ஏறி இறங்கும். வாடிக்கையாளர் மட்டத்தைப் பார்ப்பார், எடையளவு ஆய்வாளர் அளவைப் பார்ப்பார். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி 500 மில்லி பாட்டிலில் 15 மில்லிவரைதான் குறையலாம். அதற்காக எல்லாவற்றிலும் கொஞ்சம் குறைத்துவிடவும் முடியாது, சராசரி 500-க்குக் கீழே போகக் கூடாது. பயந்துகொண்டு பாட்டிலுக்கு 5 மில்லி கூடுதலாக விட்டால், 5,000 பாட்டிலில் 25 லிட்டர் இலவசம்.

தராசில் சரிபார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடர்த்தி 1.03 உள்ள திரவம் 500 மில்லி என்றால் 515 கிராம் இருக்க வேண்டும். 500 கிராம் காட்டியதும் சரி என்று விட்டால் உள்ளே இருப்பது சுமார் 485 மில்லிதான்.

பிஸ்டனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. கலக்கிய கையோடு நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழையும் அது திரவமாகவே கணக்கிடும். இரவு முழுக்க அடங்க விட்டுக் காலையில் நிரப்புவது நல்லது. பிஸ்டனில் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையம் தேய்ந்தாலும் அளவு தவறும், உதிரி கையில் இருக்கட்டும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த டாய்லெட் கிளீனர் இந்தப் போட்டியிலேயே இல்லை. 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அது அரித்துவிடும். திரவம் படும் பாகங்கள் பிளாஸ்டிக்காக இருக்கும் தனி இயந்திரமே வேண்டும். 10 மில்லி சீரத்துக்கு, குழாயை மட்டும் அழுத்தி நகர்த்தும் பெரிஸ்டால்டிக் பம்ப் போதும். ஓடும் திரவத்தை அளந்து நிரப்பும் காந்த ஃப்ளோமீட்டர் டிடர்ஜென்ட்டை நன்றாக அளக்கும், மின்சாரம் கடத்தாத தேங்காயெண்ணெயை அளக்காது. எண்ணெய்க்குப் பிஸ்டனே சரி. மார்கழிக் காலையில் உறைந்துவிடாமல் ஹாப்பரைச் சூடாக வைக்க ஏற்பாடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் கணக்கில், இரண்டு மூன்று பொருள் செய்யும் சிறு யூனிட்டுக்கு இறங்கி ஏறும் நாசில் உள்ள பிஸ்டன்தான் முதல் இயந்திரம். ஒரே பொருள், நீர்த்த பதம், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பாட்டில் என்றால் ஓவர்ஃப்ளோ. எதுவானாலும் டிரையலுக்கு உங்கள் திரவத்தையும் உங்கள் பாட்டிலையும் கொண்டுபோங்கள். தண்ணீரை ஊற்றி ஓட்டிக் காட்டினால் முன்பணம் கொடுக்காதீர்கள்.