அறுபதாம் கல்யாணத்துக்கு எந்த ரெக்கார்ட்?

தை மாசம் மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, அறுபதாம் கல்யாணம். பட்டு வேட்டி, வெள்ளிக் குங்குமச்சிமிழ் எல்லாம் மற்ற சொந்தங்கள் பங்கு போட்டுக்கொண்டதில் எனக்கு விழுந்தது ஒரு எல்.பி. ரெக்கார்ட். பெங்களூர் அல்சூர் வீட்டு முன்னறையில், சாமி அலமாரிக்கு நேர் எதிரே, அவருடைய ரெக்கார்ட் பிளேயர் இருக்கிறது. பிங்க் ஃப்ளாய்ட், டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுக்களின் பழசெல்லாம் அவரிடம் உண்டு. அதனால் புதுசாகத்தான் வாங்க வேண்டும். எழுபது தாண்டிய யாராவது தனியாகப் போட்டதாக இருக்க வேண்டும் என்பது நானாக வைத்துக்கொண்ட நிபந்தனை. அறுபதுக்காரரைப் பெரியவர்தானே ஆசீர்வாதம் பண்ண வேண்டும்?

கடைசியில் மூன்று பேர் நின்றார்கள். பிங்க் ஃப்ளாய்டில் இருந்த ரோஜர் வாட்டர்ஸின் 2017 ஆல்பம் ‘இஸ் திஸ் த லைஃப் வீ ரியலி வான்ட்?’, டயர் ஸ்ட்ரெய்ட்ஸில் பாடி கிட்டாரும் வாசித்த மார்க் நாஃப்ளரின் ‘ஒன் டீப் ரிவர்’, ஃப்ளாய்டின் கிட்டார்க்காரர் டேவிட் கில்மோரின் ‘லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்’. பின்னது இரண்டும் 2024. கில்மோரின் ரெக்கார்ட் வெளியான செப்டம்பர் 6 வாட்டர்ஸின் பிறந்த நாள். தற்செயலோ என்னவோ, அந்த இரண்டு பேரின் பகை தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டோம்.

நியாயப்படி முதல் உரிமை வாட்டர்ஸுக்குத்தான். 2002 ஏப்ரலில் இங்கே பேலஸ் கிரவுண்ட்ஸ் மைதானத்தில் கச்சேரிக்கு வந்தபோது மாமாவும் நானும் போனோம். ரொம்பப் பின்னால் நின்றோம், மேடையில் ஆள் கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரிந்தார். சத்தம் மட்டும் நெஞ்சில் வந்து இடித்தது. இந்த ஆல்பம் 1992-க்குப் பிறகு அவர் போட்ட முதல் ராக் ஆல்பம். நடுவில் ஓர் ஆப்பரா வந்தது, அது வேறு கணக்கு. குரல் கரகரத்து, பாதிப் பாட்டு பேச்சாகிவிட்டது. அகதிகள், குண்டு, ஆட்சியில் இருப்பவர்கள் என்று கோபத்துக்குக் குறைவே இல்லை. கடிகார டிக்டிக், பேச்சுத் துண்டுகள், நாய்க் குரைப்பு என்று பழைய வித்தைகளும் வரிசையாக வருகின்றன. எனக்குப் பிடித்தது கடைசிப் பகுதி. பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் கவிதையைத் தழுவிய ‘வெயிட் ஃபார் ஹர்’ வந்ததும், இவ்வளவு நேரம் விரலை நீட்டித் திட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

ஆனால் இது வீட்டு விசேஷத்துக்குப் போடுகிற ரெக்கார்ட் இல்லை. மெல்லிய பேச்சிலிருந்து பேரிரைச்சலுக்குத் தாவுகிற இடங்களில், குக்கர் விசிலும் ஆட்டோ ஹாரனும் பாதியைத் தின்றுவிடும். மாமாவுக்கு ஒருமுறை போனில் போட்டுக் காட்டினேன். “டேய், இவரு பாடறாரா, என்னைத் திட்றாரா?” என்றார்.

நாஃப்ளரையும் இதே ஊரில் பார்த்தோம், 2005 மார்ச்சில். பிக், அதாவது கம்பி மீட்டும் சில்லு, இல்லாமல் வெறும் விரலால் கம்பியைக் கிள்ளுகிறவர். ஆல்பத்தின் பெயரில் உள்ள நதி அவர் வளர்ந்த நியூகாஸிலில் ஓடும் டைன். 12 பாட்டு, எல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்கிற வேகம். ‘டனல் 13’ மட்டும் தனி. 1923-இல் அமெரிக்காவின் ஆரிகனில் மூன்று சகோதரர்கள் ரயிலைக் கொள்ளையடிக்கப் போய்க் கொலையில் முடிந்த சம்பவத்தை, குரலை ஏற்றாமல் இறக்காமல் சொல்லிக்கொண்டே போகிறார். அக்காவுக்கு மூன்றில் இதுதான் பிடித்தது. “காய் நறுக்க நல்லாருக்குடா” என்றாள். பாராட்டுதான். ஆனால் நாஃப்ளரின் சிக்கலும் அதுதான். ஆறாவது பாட்டில் எழுந்து போய்க் காபி போட்டுவிட்டு எட்டாவதில் திரும்பி வந்தால் எதையும் இழந்த மாதிரியே இல்லை.

ஏன் அப்படி? மூன்றையும் திரும்பத் திரும்பக் கேட்டதில் எனக்குப் பட்டது இது. வயசான பெரிய மனுஷரின் ஆல்பத்தில் முதலில் பார்க்க வேண்டியது அவர் குரலையோ விரலையோ இல்லை, பக்கத்தில் நின்று ‘இது வேண்டாம்’ என்று சொல்லக்கூடியவர் யார் என்பதைத்தான். நாஃப்ளரின் ஸ்டூடியோ அவருடைய சொந்த இடம். கூடத் தயாரித்த கை ஃப்ளெட்சர் 1984-இலிருந்து கூடவே இருப்பவர். பார்வையிலேயே பேசிக்கொள்வார்கள்போல. சொகுசாக இருக்கிறது, கேட்கிற நமக்கும் அதே சொகுசு. வாட்டர்ஸுக்கு ரேடியோஹெட் இசைக்குழுவின் ஆல்பங்களைத் தயாரித்த நைஜல் காட்ரிச் கிடைத்தார். வாட்டர்ஸ் ரேடியோ நாடகமாக யோசித்து வைத்திருந்ததை வெட்டிப் பாட்டாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. அந்தக் கத்தரி இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்.

கில்மோருக்கு வாய்த்தவர் சார்லி ஆண்ட்ரூ. ஆல்ட்-ஜே இசைக்குழுவோடு வேலை செய்தவர். கில்மோரின் பழைய பெருமை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது, தெரிந்த அளவுக்கும் பயப்படவில்லை. இந்த இடத்தில் கிட்டார் சோலோ கட்டாயம் வேண்டுமா, எல்லாப் பாட்டும் தேய்ந்து தேய்ந்துதான் முடிய வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். கில்மோரைப் பார்த்து! நம்ம ஊர்க் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரரிடம் போய் ‘கெட்டிமேளம் அவசியமா’ என்று கேட்கிற மாதிரி.

அந்தக் கேள்வியின் பலன் ரெக்கார்ட் முழுக்கக் கேட்கிறது. 78 வயசில் அவர் குரலில் மேல்பூச்சு உதிர்ந்திருக்கிறது, அதை மறைக்கவும் இல்லை. வரிகள் பெரும்பாலும் மனைவி பாலி சாம்சன் எழுதியவை. வயசு, சாவு, மிச்சமிருக்கிற நாள் என்று நேரடியாகப் பேசுகின்றன. ‘பிட்வீன் டூ பாயிண்ட்ஸ்’ பாட்டை மகள் ரோமனியிடம் கொடுத்துவிட்டார். அவளே ஹார்ப்பும் வாசிக்கிறாள். ஒட்டாத, கொஞ்சம் அலட்சியமான குரல். அப்பா கடைசிவரை பொறுத்திருந்து, கிட்டாரோடு உள்ளே வருகிறார். அந்தப் பொறுமைக்காகவே அந்தப் பாட்டை நூறு தடவை கேட்பேன்.

தலைப்புப் பாட்டுக்கு இன்னொரு கதை. ஃப்ளாய்டின் கீபோர்டுக்காரர் ரிச்சர்ட் ரைட்டோடு 2007-இல் கில்மோர் தன் வீட்டுக் களஞ்சியத்தில் சும்மா வாசித்த பதிவின் மேல் கட்டியது. ரைட் அடுத்த வருஷமே இறந்துவிட்டார். அந்த மூலப் பதிவு தனியாகவும் இருக்கிறது, கிட்டத்தட்ட 14 நிமிஷம். அல்சூரிலிருந்து மெஜஸ்டிக் போகும் மெட்ரோவில் ஹெட்போனோடு கேட்டேன். எம்.ஜி. ரோடு தாண்டி ரயில் பூமிக்குள் இறங்குகிற நேரத்தில், வெளிச்சம் போய், ரைட்டின் கைகள் மட்டும் கேட்டன. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

குறையும் உண்டு. ஒன்பதில் இரண்டு பாட்டு யார் வேண்டுமானாலும் பாடியிருக்கலாம். ‘டார்க் அண்ட் வெல்வெட் நைட்ஸ்’ எனக்கு ஒட்டவே இல்லை. ஆர்க்கெஸ்ட்ரா சில இடங்களில் ஜரிகை அதிகமான புடவை.

இருந்தும் கில்மோரைத்தான் வாங்கினேன். நாலாயிரத்துக்குப் பக்கத்தில் ஆயிற்று. மாலையும் கழுத்துமாக இருந்த மாமா, சாயங்காலம் பந்தி எல்லாம் முடிந்து வீடு ஓய்ந்த பிறகுதான் உறையைப் பிரித்தார். முதலிலிருந்து போடாமல், இரண்டாம் பக்கம் திருப்பி, கடைசிப் பாட்டு ‘ஸ்கேட்டர்ட்’ ஆரம்பிக்கும் இடத்தில் முள்ளை வைத்தார். இதயத் துடிப்பு மாதிரி ஒரு சத்தம், டொப், டொப் என்று.

“மேல் வீட்ல என்னடா இந்நேரத்துல இடிக்கிறாங்க?” என்று உள்ளேயிருந்து அக்கா.

மாமா பதில் சொல்லவில்லை. மாலையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார்.