ஆறு மாத செக்கா, ஈபிடியா? விமானிகளின் எஸ்ஓபி மறுபயிற்சியில் என் ஓட்டு எதற்கு

எங்கள் விமானப் பிரிவின் மறுபயிற்சியை எந்த முறையில் நடத்துவது என்று பேசிய குழுவில், பயிற்றுநர் என்ற முறையில் நானும் இருந்தேன். மேசைக்கு வந்தவை இரண்டு. ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் வழக்கமான சிமுலேட்டர் செக். மற்றொன்று, ஈபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் எவிடென்ஸ் பேஸ்டு டிரெய்னிங், அதாவது தரவுகளின் அடிப்படையில் அமையும் பயிற்சி. நான் ஈபிடிக்குக் கை தூக்கினேன். அதனால் இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காக்பிட்டில் யார் எதை எப்போது செய்ய வேண்டும், எந்தச் சொல்லால் சொல்ல வேண்டும் என்று வகுத்து வைத்திருப்பதுதான் எஸ்ஓபி. அது நாள்பட நாள்படத் தேய்ந்து போகாமல் காக்க எந்தப் பயிற்சி உதவும் என்ற ஒரு கேள்வியை வைத்தே இரண்டையும் பார்க்கிறேன்.

பொதுவானதை முதலில் ஒதுக்கிவிடலாம். இரண்டும் ஒரே ரக சிமுலேட்டரில்தான் நடக்கின்றன. இரண்டிலும் எஞ்சின் நிற்கும், தீ எச்சரிக்கை மணி அடிக்கும், ஒற்றை எஞ்சினில் கோ-அரவுண்ட், அதாவது தரையிறங்காமல் மறுபடி மேலே எழும்பிப் போக வேண்டியிருக்கும். இரண்டிலும் தேறாதவர் கூடுதல் பயிற்சி முடிக்காமல் விமானத்தில் ஏற முடியாது. சிமுலேட்டர் வாடகையிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. செலவு வேறு இடத்தில் வருகிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

பழைய முறை என்பது ஒரு பட்டியல். புறப்பாட்டை நிறுத்துவதா தொடர்வதா என்று தீர்மானிக்கும் கடைசி வேகமான வி-ஒன் தாண்டியதும் எஞ்சின் செயலிழப்பு, ஓடுபாதையிலேயே புறப்பாட்டைக் கைவிடுவது, ஒற்றை எஞ்சினில் அணுகுமுறை (தரையிறங்க ஓடுபாதையை நெருங்குவது), அதிலிருந்து கோ-அரவுண்ட், தரையிறக்கம் என்று வரிசையாகப் போகும். ஜெட் விமானங்களின் முதல் தலைமுறையில் நடந்த விபத்துகளிலிருந்து எழுந்த பட்டியல் இது. எஞ்சின்கள் நம்பகமாகிவிட்டன, விபத்துகளின் தன்மையும் மாறிவிட்டது, பட்டியல் மட்டும் பெரிதாக மாறவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ 2013-ல் ஈபிடிக்கான கையேட்டை வெளியிட்டது. அதன் எண் 9995. ஐரோப்பிய விதிகளில் 2020-ல் முழு ஈபிடிக்கு இடம் கிடைத்தது.

ஈபிடியில் ஒரு பயிற்சித் தொகுதிக்கு மூன்று பகுதிகள். முதலில் ஒரு சாதாரணப் பயணம் போன்ற மதிப்பீடு. அடுத்து கைப்பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க அடிப்படைப் பயிற்சிகள். கடைசியாக, நேரத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும் காட்சிப் பயிற்சி, அதாவது ஒரு பயணச் சூழலை அப்படியே நடத்திப் பார்ப்பது. எல்லாத் தலைப்புகளும் மூன்று ஆண்டுச் சுழற்சிக்குள் வந்துவிட வேண்டும். ‘தேறினார், தேறவில்லை’ என்று மட்டும் எழுதாமல் திறன்வாரியாக 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். நடைமுறைகளைப் பின்பற்றுவது அந்தத் திறன்களில் ஒன்று. தகவல் பரிமாற்றம், சூழல் அறிதல், வேலைப்பளுவைச் சமாளிப்பது போன்றவை மற்றவை.

இனி, என் கையை உயர்த்த வைத்த விஷயத்துக்கு வருகிறேன். சிமுலேட்டரில் பயிற்றுநர் உட்காரும் இடத்தில் ரிப்பொசிஷன் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் விமானம் நொடியில் ஓடுபாதை முனையிலோ, தரையிறங்க பத்து மைல் இருக்கும் இடத்திலோ போய் நிற்கும். பழைய செக்கில் இந்தப் பொத்தானுக்கு ஓய்வே கிடையாது. பட்டியல் நீளம், நேரம் குறைவு. ஒரு பயிற்சி முடிந்ததும் விமானத்தை ஓடுபாதை முனைக்குக் கொண்டுவந்து, “ஃப்ளாப் போட்டாச்சு, செக்லிஸ்ட் முடிஞ்சதா வச்சுக்குங்க, புறப்படலாம்” என்று சொல்லிவிடுவோம். புறப்படும்போது கூடுதல் தூக்குவிசை தர இறக்கையில் விரியும் தகடான ஃப்ளாப்பை வைத்தது விமானி அல்ல, பயிற்றுநர். செக்லிஸ்ட் படித்ததாகப் பாவனை. அடுத்த நிமிடம் எஞ்சின் நிற்கும், விமானி அழகாகச் சமாளிப்பார், பட்டியலில் ஒரு டிக் விழும்.

எஸ்ஓபி தேய்வதோ நாம் பொத்தானை அழுத்தித் தாண்டிய அந்த இடத்தில்தான். எஞ்சின் நின்ற பிறகு எஸ்ஓபியை மீறுகிறவர் அரிது. பயமே அவரை ஒழுங்காக நடத்திவிடும். பயணிகள் ஏறும் வாசலிலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் அலுப்பான நேரத்தில்தான் நடைமுறை நழுவுகிறது.

1987-ல் டெட்ராய்ட்டிலும் 2008-ல் மாட்ரிட்டிலும் ஃப்ளாப் விரிக்காமலே புறப்பட்ட விமானங்கள் விழுந்து நொறுங்கின. ஒவ்வொன்றிலும் 150-க்கு மேல் உயிர்ப்பலி. எச்சரிக்கை ஒலியும் ஒலிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் செக்லிஸ்டை ஒழுங்காகச் செய்திருந்தால் அந்த ஒலிக்கே வேலை இருந்திருக்காது. 2014-ல் அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் ஒரு தனியார் ஜெட், கட்டுப்பாட்டுத் தகடுகளின் பூட்டை எடுக்காமலே புறப்பட முயன்று, ஏழு பேரோடு எரிந்தது. விசாரணையில் பதிவுகளைப் பார்த்தபோது, அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் இரண்டே இரண்டில்தான் கட்டுப்பாட்டுச் சோதனை முழுமையாக நடந்திருந்தது. அனுபவம் மிக்க இரு விமானிகள், தகுதிச் சான்றுகள் நடப்பில். விமானம் ஓடுபாதை முனையில் தயாராக வந்து நிற்கும் ஒரு சோதனையில் இந்தப் பழக்கம் எப்படி வெளியே வரும்?

ஈபிடியின் காட்சிப் பயிற்சியில் விமானம் நிஜ நேரத்தில் நகர்கிறது. நாங்கள் நடத்தும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். விமானம் ஊர்ந்து கொண்டிருக்கும்போது கட்டுப்பாட்டுக் கோபுரம் ஓடுபாதையை மாற்றுகிறது. புதிய ஓடுபாதை குட்டையானது, ஃப்ளாப் நிலையும் மாற வேண்டும். எஸ்ஓபிப்படி இருவரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, விடைகளை ஒப்பிட்டு, பிரீஃபிங்கைத் திருத்தி, செக்லிஸ்டின் அந்தப் பகுதியை மறுபடி படிக்க வேண்டும். ஒருவர் தலை குனிந்திருக்கும்போது மற்றவர் கண் வெளியே இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து கேபினிலிருந்து ஒரு அழைப்பு. கேப்டன், “நீங்க போட்டுடுங்க” என்கிறார். துணை விமானி போடுகிறார். கேப்டன் திரையை எட்டிப் பார்த்து “சரி” என்கிறார். இரண்டாவது கணக்கு நடக்கவே இல்லை. செக்லிஸ்டில் ஃப்ளாப் வருகிறது. “செட்” என்று பதிலும் வருகிறது. லீவர் பழைய இடத்திலேயே இருக்கிறது. காட்டியைப் பார்த்து எண்ணைப் படிக்க வேண்டிய இடத்தில் வாய் பழக்கத்தில் பேசிவிட்டது.

தீ இல்லை, மணி இல்லை. ஆனால் பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து பேசும் டீபிரீஃபில் பதிவை ஓடவிட்டு, “இந்த இடத்தில் உங்கள் கண் எங்கே இருந்தது?” என்று கேட்டால் இருவரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இதே கேப்டன் பழைய செக்கில் குறையில்லாமல் தேறியிருப்பார். கேள்வித்தாள் முன்கூட்டியே கையில் இருக்கும் தேர்வு அது. வி-ஒன்னில் எஞ்சின் நிற்கும் என்று முந்தைய நாளே எல்லாருக்கும் தெரியும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். காட்சிப் பயிற்சி ஈபிடியின் கண்டுபிடிப்பு அல்ல. லோஃப்ட் என்ற பெயரில் 1970-களிலிருந்தே உண்டு, பழைய முறையிலும் அதைச் சேர்க்கலாம். சேர்த்தும் பார்த்தோம். ஆனால் கட்டாயப் பட்டியல் இருக்கும்வரை மிச்சமிருக்கும் நேரம்தான் லோஃப்டுக்கு. ஒருவர் ஒற்றை எஞ்சின் அணுகுமுறையை இரண்டாம் முறை செய்ய வேண்டி வந்தால், வெட்டுப்படுவது முதலில் அதுதான்.

மதிப்பெண் விஷயம் இதற்கு அடுத்தது. பழைய படிவத்தில் மேலே சொன்ன தவறை எழுதினால் ‘எஸ்ஓபி பின்பற்றப்படவில்லை’ என்று ஒரு வரி, ‘பின்பற்றுமாறு அறிவுறுத்தப்பட்டது’ என்று இன்னொரு வரி. அறிவுறுத்தி என்ன பயன்? அவருக்கு எஸ்ஓபி தெரியாமல் இல்லை. ஏன் நழுவியது என்பதுதான் கேள்வி. வேலைப்பளுவைப் பிரித்துக்கொள்ளத் தெரியவில்லையா, ‘கொஞ்சம் நிறுத்திக்கொள்வோம் சார்’ என்று கேப்டனிடம் சொல்லத் துணை விமானிக்கு வாய் வரவில்லையா, கணக்கு ஏன் இருமுறை போடப்படுகிறது என்ற காரணமே புரியவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு. ஈபிடி படிவம் பயிற்றுநரை இந்தக் கேள்விக்குள் தள்ளுகிறது. இன்னொரு லாபமும் உண்டு. நிறைய பேர் ஒரே படியில் வழுக்கினால், கோளாறு ஆட்களிடம் இல்லாமல் எஸ்ஓபியிலேயே இருக்கலாம். ஓடுபாதையை விட்டுத் திரும்பும் நெருக்கடியான நேரத்தில் ஒரு செக்லிஸ்டைச் செருகி வைத்தால் அதைத் தள்ளிப்போடத்தான் செய்வார்கள். டிக் போடும் படிவத்தில் அது தெரியவே தெரியாது.

சரி, செலவு. ஈபிடியின் பராமரிப்புச் செலவு பயிற்றுநர்கள்தான். ஒரே வீடியோவைக் காட்டினால் ஒருவர் 2 போடுவார், பக்கத்தில் இருப்பவர் 1 போடுவார். 1 என்பது தேறாத மதிப்பெண் என்பதால், 1-க்கும் 2-க்கும் நடுவிலான கோடு விமானிக்குச் சின்ன விஷயம் இல்லை. பயிற்றுநர்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் வேலை ஒருமுறை செய்து முடிக்கிற வேலையும் அல்ல. தொடர்ந்து உட்கார்ந்து, மதிப்பெண்களை ஒப்பிட்டு, கண்டிப்பானவரையும் தாராளமானவரையும் அடையாளம் கண்டு பேச வேண்டும். அதற்காக அவர்களைப் பறக்கும் பணியிலிருந்து விடுவிக்க வேண்டும், ரோஸ்டர் போடுபவர் முகம் சுளிப்பார். இதற்குத் தயாராக இல்லாத நிறுவனம் ஈபிடியைத் தொட வேண்டாம் என்றே சொல்வேன். அளவுகோல் கோணலாக இருக்கும் ஈபிடியைவிட நேர்மையான பழைய செக் எவ்வளவோ மேல்.

பழைய செக்கின் பலமும் அதுதான். கோடு தெளிவு. பக்கவாட்டில் இத்தனை டிகிரி விலகினால் தேறவில்லை, அவ்வளவுதான். ஒழுங்குமுறை அதிகாரிக்கும் புரியும், விமானிக்கும் புரியும், தகராறு குறைவு. புதிதாக ஒரு விமான ரகத்துக்கு வந்தவருக்குத் திரும்பத் திரும்பச் செய்வதில் கிடைக்கும் கைப்பழக்கமும் சாதாரணம் இல்லை.

அமெரிக்காவில் ஏக்யூபி என்று மூன்றாவது ஒன்று 1990 முதல் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வேலைகளைப் பகுத்து, தரவு சேர்த்து, தன் பயிற்சியைத் தானே வடிவமைத்து ஒப்புதல் வாங்கும் முறை. நான் அதில் பயிற்சி எடுத்ததில்லை என்பதால் மேலே பேசவில்லை. கணினியில் ஸ்லைடு பார்த்துக் கடைசியில் பத்துக் கேள்விக்கு விடை சொல்லும் பாடத்தை எஸ்ஓபி பயிற்சி என்று கணக்குக் காட்டுபவர்களும் உண்டு. மாறிய நடைமுறையைத் தெரிவிக்க அது போதும். பழக்கத்தை மாற்றாது.

ஈபிடிக்கும் எல்லை உண்டு. சிமுலேட்டரில் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது விமானிக்கு எப்போதும் தெரியும். வேகமோ உயரமோ சரியாக அமையாத, அதாவது நிலைப்படாத அணுகுமுறையில் கோ-அரவுண்ட் போக வேண்டும் என்பது கிட்டத்தட்ட எல்லா நிறுவனங்களிலும் எஸ்ஓபி. நிஜத்தில் அப்படிப் போகிறவர்கள் சுமார் 3 சதவீதமே என்று ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் சொல்கிறது. சிமுலேட்டரில் கேட்டால் கிட்டத்தட்ட எல்லாரும் போவார்கள். இந்த வித்தியாசத்தை எந்தப் பயிற்சி முறையும் தனியாகச் சரிக்கட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பறப்புத் தரவுக் கண்காணிப்பும், தண்டனை பயமில்லாமல் காக்பிட்டில் உட்கார்ந்து பார்க்கும் லோசா போன்ற கவனிப்பும் கூடவே வேண்டும். ஈபிடிக்கு மாறியபின் எங்கள் பிரிவில் செக்லிஸ்ட் பதில்கள் திருந்தியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று ஆண்டுச் சுழற்சி இன்னும் முழுதாக முடியாததால், அது நிலைக்குமா என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆக, பயிற்றுநர் எண்ணிக்கையும் தரவும் உள்ள நிறுவனம் என்றால் ஈபிடி. ஒரே நாளில் தாவ வேண்டியதும் இல்லை. ஐரோப்பிய விதிகளே முழு ஈபிடிக்கு முன், பழையதும் ஈபிடியும் கலந்த முறையில் மூன்று ஆண்டு அனுபவம் கேட்கின்றன, அது நல்ல ஏற்பாடு. விமானங்கள் குறைவாக உள்ள சின்ன நிறுவனம் என்றால் பழைய செக்கையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு மாற்றங்களோடு. பயிற்சிகளின் வரிசையை ஒவ்வொரு முறையும் கலைத்துப் போடுங்கள். அப்புறம், ஒவ்வொரு செக்கிலும் ஒரு புறப்பாட்டையாவது ரிப்பொசிஷன் பொத்தானைத் தொடாமல், வாசலில் எஞ்சின் கிளப்புவதில் தொடங்கி, ஓடுபாதை மாற்றத்தோடு நடத்துங்கள். அந்தப் புறப்பாட்டில் எதுவும் பழுதாக வேண்டாம்.